எட்டுக் குட்டையைக் காணோம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம், அதைவிட சோம்பேறித்தனம் அதிகம். வாத்தைப் பத்தி எழுதப்போறேன்னு ரூம்மேட்கிட்ட சொன்னேன். "வறுவலா, குழம்பா?"ன்னு கேட்டான். ரெண்டும் இல்லீங்க. உயிரோட இருக்கற வாத்து, அது இருக்கற குட்டை, அந்தக் குட்டையை நான் எழுதின கோடு முழுங்கின கதை.

முதல்ல கொஞ்சம் பூகோளம். கொட்டாவி விடாம கேளுங்க. நான் பொட்டி தட்டறது ஃபார்கோவில். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலம், கனடாவுக்குக் கூப்பிடு தூரம். எம்.எஸ். படிக்க வந்தவன், குளிருக்குப் பயந்து ஓடறதுக்குள்ள வேலை கிடைச்சுடுச்சு. இந்த ஊரைச் சுத்தி நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. பனியுகம் முடியற சமயத்துல இங்க அகாசிஸ்னு ஒரு பிரம்மாண்டமான ஏரி இருந்ததாம். அது வத்திப்போன தரையிலதான் நாங்க இப்போ வாடகைக்கு இருக்கோம்.

ஆனா மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி ஜேம்ஸ்டவுன் பக்கம் போனா நிலம் மெல்ல அலையடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு தாழ்விலும் ஒரு குட்டை. சிலது நாலு கார் நிறுத்தற அளவு, சிலது நம்ம ஊர் ஏரி அளவு. பனிப்பாறைகள் பின்வாங்கினப்போ மண்ணுக்குள்ள புதைஞ்சு நின்ன பனிக்கட்டிகள் உருகி விட்டுட்டுப் போன பள்ளங்கள். அல்பர்ட்டா, சஸ்காட்செவன், மனிடோபாவில் தொடங்கி இரண்டு டகோட்டாவும் தாண்டி அயோவா வரைக்கும் சுமார் 7 லட்சம் சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாடு மாதிரி அஞ்சு தமிழ்நாடு. இதுக்கு 'பாத்ஹோல்' பிரதேசம்னு பேரு. சென்னையில பைக் ஓட்டினவனுக்கு பாத்ஹோல்னா வேற ஞாபகம்தான் வரும் :-) இங்க விவசாயிங்க 'ஸ்லூ'ன்னு சொல்றாங்க. பெரும்பாலான குட்டைக்கு வரத்து வாய்க்கால் கிடையாது, மறுகாலும் கிடையாது. பனி உருகினா நிறையும், வெயில் அடிச்சா வத்தும். வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கு மேல இந்தப் பிரதேசத்துலதான் பொரியுதுன்னு கணக்கு. 'வாத்து ஃபேக்டரி'ன்னே பட்டப்பேரு.

ஃபேக்டரியில பாதி இடிஞ்சாச்சு. 1780-களில் இருந்து 1980-கள் வரைக்குமான 200 வருஷத்துல வடக்கு டகோட்டா தன் சதுப்பு நிலங்களில் 49 சதவீதத்தை இழந்துடுச்சு. அயோவா 89 சதவீதம். அயோவாவில் இப்போ இருக்கறதெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான்.

இனி என் பெருமையைச் சொல்றேன். நான் வேலை பார்க்கிற கம்பெனி விவசாயிகளுக்கு மேப் போட்டுக் கொடுக்கற சாஃப்ட்வேர் செய்யுது. அறுவடை மெஷின்ல ஜிபிஎஸ்ஸும் ஒரு சென்சாரும் இருக்கும். எந்த இடத்துல எவ்வளவு விளைஞ்சுதுன்னு நொடிக்கு நொடி பதிவாகும். அதைச் சுத்தம் பண்ணி, பச்சை மஞ்சள் சிவப்புன்னு வண்ணம் பூசி, எந்தப் பகுதியில லாபம் எந்தப் பகுதியில நஷ்டம்னு காட்டணும். 'சுத்தம் பண்ற' பகுதி அடியேனுடையது. மெஷின் திரும்பும்போது, நிக்கும்போது சென்சார் தாறுமாறா எண் கொடுக்கும். அதனால நான் ஒரு விதி வெச்சிருந்தேன்: ஒரு ஏக்கருக்குக் கீழே இருக்கற எந்தத் திட்டும் இரைச்சல்தான். பக்கத்து எண்களோட சராசரியை எடுத்து மூடிடு. டேட்டாவே இல்லாத ஓட்டை இருந்தாலும் அதே வைத்தியம். மேப் பட்டுப்புடவை மாதிரி வழவழன்னு வந்துச்சு. டெமோவில கைத்தட்டல்கூட கிடைச்சுது.

மூணு வருஷம் முன்னாடி ஏப்ரல்ல ஒரு கஸ்டமர் போன் பண்ணினார். ஜேம்ஸ்டவுனுக்கு அந்தப் பக்கம் பண்ணை, வயசு எழுபதை நெருங்குது. நார்வேயில இருந்து வந்த குடும்பம், நாலாவது தலைமுறை. அவர் பேசினது இங்கிலீஷ், நான் நம்ம பாஷையிலயே சொல்றேன்.

"தம்பி, உங்க மேப்புல என் குட்டைங்களைக் காணோம்."

"எத்தனை சார்?"

"எட்டு."

சத்தியமா எனக்கு வடிவேலு கிணத்தைக் காணோம்னு போலீஸ் ஸ்டேஷன்ல நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு. போனை மியூட் பண்ணிட்டு சிரிச்சேன். "எழுதினவனே போய்ப் பாத்துட்டு வரட்டும்"னு மேனேஜர் அனுப்பினதும் சிரிப்பு நின்னுடுச்சு.

ஏப்ரல் மூணாவது வாரம். நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரத்துக்கு வெள்ளோட்டம் நடக்கற நேரம், இங்க ரோட்டோரம் இன்னும் அழுக்குப் பனி. பெரியவர் தன் பிக்கப் வண்டியில ஏத்திக்கிட்டு வயலுக்கு நடுவுல போனார். முதல்ல காட்டினது பெரிய ஸ்லூ, இருபது ஏக்கர் இருக்கும். முழுக்க ஐஸ். ஒரு குருவிகூட இல்லை. "இதை உன் மேப் சரியா காட்டுது, சிவப்பா"ன்னார். அப்புறம் போன வருஷத்து கோதுமைத் தாள் நின்ன வயலுக்குள்ள, அரை ஏக்கர்கூட இல்லாத ஒரு பள்ளம். முழங்கால் அளவு தண்ணி, ஐஸ் சுத்தமா கரைஞ்சிருந்தது. அதுல ரெண்டு ஜோடி வாத்து. பைனாகுலரைக் கொடுத்தார்.

ஊசிவால் வாத்து! எனக்கு நல்லாவே தெரியும். காலேஜ் படிக்கறப்போ ஒரு ஜனவரி மாசம் நாலு பேர் ரெண்டு பைக்ல வேடந்தாங்கல் போயிருந்தோம். (ரெக்கார்ட் நோட் எழுதவேண்டிய நாள்.) அங்க பார்த்த அதே சாக்லேட் தலை, அதே வெள்ளைக் கழுத்து, அதே ஊசி வால். நம்ம ஊருக்கு வர்றது சைபீரியா பக்கத்துக் கூட்டம். இது லூசியானா, டெக்சாஸ், மெக்சிகோன்னு குளிர்காலம் கழிச்சுட்டு வந்த கூட்டம். இனம் ஒண்ணுதான். நான் ஏதோ ஊர்க்காரனைப் பஸ் ஸ்டாண்ட்ல பாத்த மாதிரி கத்திட்டேன். ரெண்டு ஜோடியும் பறந்துடுச்சு. பெரியவர் ஒண்ணும் சொல்லலை, பைனாகுலரை மட்டும் திருப்பி வாங்கிக்கிட்டார்.

அன்னிக்கு அவர் சொன்னதையும் அப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். சின்னக் குட்டை ஆழம் கம்மி, அதனால சீக்கிரம் சூடாகும். சூடானதும் அடிமண்ணுல இருக்கற புழு, நத்தை, குட்டி இறால் மாதிரி ஜீவன் எல்லாம் முழிச்சுக்கும். முட்டை வைக்கப்போற பெட்டைக்குப் புரதம் வேணும். தானியத்தை வெச்சு முட்டை கட்ட முடியாது, புழுதான் வேணும். பெரிய ஏரி ஐஸா கிடக்கற மூணு வாரத்துல அதுக்குச் சாப்பாடு போடறது இந்தச் சின்னப் பள்ளங்கள்தான். இன்னொண்ணு, அந்த நேரத்துல ஆண் வாத்துக்குப் பக்கத்துல இன்னொரு ஜோடி வந்தா ஆகாது. துரத்தும். அதனால பத்து ஏக்கர்ல ஒரே குட்டையைவிட ஒரு ஏக்கர்ல பத்துக் குட்டை இருந்தா நிறைய ஜோடி தங்கும். அப்பார்ட்மெண்ட் கணக்குதான்.

ஆக, நான் 'இரைச்சல்'னு அழிச்சது எது? ஏப்ரல் மாசத்து மொத்த சமையலறையும்.

ஆனா பெரியவர் போன் பண்ணினது வாத்துக்காக இல்லை. அங்கதான் விஷயம் இருக்கு.

அந்த எட்டுக் குட்டையும் முழுக் குட்டை இல்லை. 1974-ல் அவங்க அப்பா வாய்க்கால் வெட்டி ரோட்டோரப் பள்ளத்துக்கு வடிச்சுவிட்டது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சோவியத் யூனியன் அமெரிக்க கோதுமையை மொத்தமா வாங்க, விலை ஏறி, வேளாண் செயலர் ஏர்ல் பட்ஸ் வேலிக்கு வேலி விதைங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்த காலம். "நான்தான் டிராக்டர் ஓட்டினேன். அப்போ எனக்குப் பதினாறு வயசு. பெரிய மனுஷன் ஆயிட்டேன்னு நினைச்சேன்"னார் பெரியவர். ஆனாலும் ஈரமான வருஷத்துல அந்தப் பள்ளங்கள் முழுசா வடியாது. விதையும் உரமும் போட்டு, பயிர் மூழ்கி, அறுவடை மெஷின் சுத்திக்கிட்டு வரும். இப்போ பண்ணையைப் பாத்துக்கறது அவர் மகன். நிலத்தடியில பிளாஸ்டிக் குழாய் பதிச்சு எட்டையும் ஒரேயடியா வடிச்சுடலாம்னு அவர் பிளான். அதுக்கு ஆதாரமா காட்டினது எங்க கம்பெனி மேப்! "பாருங்கப்பா, அந்தப் பள்ளத்துலகூட விளைச்சல் பரவாயில்லை. கொஞ்சம் தண்ணி வடிஞ்சா தங்கம் விளையும்." பச்சையா இருந்தது உண்மைதான். பச்சை பூசினது நான்.

மகனைக் கெட்டவர்னு நினைச்சுடாதீங்க. சாயங்காலம் அவர் என்னை டிராக்டர்ல ஏத்தி அறுபது அடி அகல விதைப்பு மெஷினை ஒரு பள்ளத்தைச் சுத்தி ஓட்டினா எப்படியிருக்கும்னு வெறும் வண்டியிலயே காட்டினார். ஒவ்வொரு சுத்துக்கும் விதை ரெண்டு தடவை விழும், உரம் ரெண்டு தடவை விழும், டீசல் தனி. எட்டுப் பள்ளம்னா எட்டுச் சுத்து. "வாத்து எனக்கும் பிடிக்கும். ஆனா பேங்க்காரனுக்குப் பிடிக்காது"ன்னார். பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.

சட்டம் தடுக்காதான்னு கேக்கலாம். 1985-ல் ஒரு சட்டம் வந்துச்சு, செல்லமா 'ஸ்வாம்ப்பஸ்டர்'. சதுப்பு நிலத்தை வடிச்சு விவசாயம் பண்ணினா அரசாங்கத்தோட விவசாயச் சலுகை போயிடும். ஆனா 1985 டிசம்பர் 23-க்கு முன்னாடியே வடிச்சுப் பயிர் வெச்ச இடத்துக்கு விதிவிலக்கு. இவங்க எட்டும் அந்தக் கணக்குல தப்பிச்சுடும். தண்ணீர் மாசுச் சட்டமும் ஆத்தோட ஒட்டாத இந்த மாதிரித் தனிக் குட்டைக்கு உதவாது. 2001-ல் ஒரு தீர்ப்பு, 2023-ல் இன்னொரு தீர்ப்புன்னு சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவை நல்லாவே சாத்திடுச்சு. அதனால குட்டை இருக்கறதும் போறதும் கடைசியில ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையில உக்காந்து எடுக்கற முடிவு.

ஃபார்கோ திரும்பி அந்த ஒரு ஏக்கர் விதியைத் தூக்கிட்டு, மெஷின் தடம் எங்கெல்லாம் வளைஞ்சு போயிருக்குன்னு பாத்து அஞ்சு வருஷ டேட்டாவையும் மறுபடி ஓட்டினேன். பட்டுப்புடவையில அம்மைத் தழும்பு மாதிரி எட்டுச் சிவப்புப் புள்ளி. அஞ்சு வருஷத்துல மூணு வருஷம் போட்ட முதல்கூட வரலை. அதை அனுப்பறதுக்கு முன்னாடி ராத்திரி தூக்கம் வரலைன்னா நம்புங்க. சிவப்புன்னா நஷ்டம், நஷ்டம்னா குழாய் போடுன்னு மகன் முடிவு பண்ணலாம். நஷ்டம்னா விட்டுடுன்னும் முடிவு பண்ணலாம். எண் ஒண்ணுதான். எதைச் சொல்லப்போகுதுன்னு எனக்கே தெரியாது.

குழாய்க்கான கொட்டேஷனைப் பக்கத்துல வெச்சு மகன் கணக்குப் போட்டார். ஆறு பள்ளத்துக்குக் கட்டுப்படியாகலை. ரோட்டோரம் இருந்த ரெண்டுக்குக் கட்டுப்படியாச்சு. அதுக்குக் குழாய் போட்டுட்டாங்க. மிச்சம் ஆறையும் மீட்கறதுன்னு முடிவு. அதுலயும் ஒரு சண்டை. பெரியவருக்கு நிரந்தர ஒப்பந்தம் போடணும்னு ஆசை. மத்திய வனவிலங்குத் துறை ஒரே தடவை பணம் கொடுத்துடும். அப்புறம் யார் கைக்கு நிலம் போனாலும் வடிக்கக் கூடாது, நிரப்பக் கூடாது. தானா காஞ்ச வருஷம் விதைச்சுக்கலாம். "என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவ நிலத்துக்கு நான் எப்படி என்னென்னைக்கும்னு கையெழுத்துப் போடறது?"ன்னு மகன் கேட்டார். "நான் போட்ட வாய்க்கால் மட்டும் உன்கிட்ட கேட்டா போட்டேன்?"னு பெரியவர். கடைசியில பத்து வருஷ ஒப்பந்தம். எனக்கும் நிரந்தரம்தான் பிடிச்சிருந்தது, ஆனா அந்த மேஜையில எனக்கு காபிக்கு மட்டும்தான் உரிமை.

நடுவுல ஒரு ஆச்சரியம். இந்த வேலைக்கெல்லாம் காசு எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா பெரும்பங்கு வேட்டைக்காரங்க கிட்டேர்ந்து. 1930-களின் பஞ்சத்துல குட்டையெல்லாம் காஞ்சு வாத்துக் கூட்டம் சரிஞ்சப்போ, 1934-ல் வாத்து ஸ்டாம்ப்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. பதினாறு வயசுக்கு மேல வாத்து சுடணும்னா வாங்கியே ஆகணும். முதல் ஸ்டாம்ப்பை வரைஞ்சவர் ஜே 'டிங்' டார்லிங், பத்திரிகை கார்ட்டூனிஸ்ட்! அப்போ ஒரு டாலர், இப்போ 25. ஒரு டாலருக்கு 98 சென்ட் நிலம் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் போகுது. 1958-ல் சட்டத்தைத் திருத்தி, சின்னச் சின்னக் குட்டைகளையும் அந்தக் காசுல வாங்க வழி பண்ணினாங்க. சுடறதுக்காகக் காப்பாத்தறாங்களான்னு எனக்கும் முதல்ல உறுத்துச்சு. ஆனா 'ஐயோ பாவம் வாத்து'ன்னு சொல்ற என்னை மாதிரி ஆளுங்க அதுவரைக்கும் எத்தனை டாலர் கொடுத்தோம்? சைபர். இப்போ வருஷா வருஷம் வாங்கி பர்ஸுல வெச்சிருக்கேன். துப்பாக்கி பிடிக்கத் தெரியாது.

அக்டோபர்ல மீட்பு வேலை. லீவு போட்டுட்டுப் போனேன். நான் ஏதோ பெரிய எஞ்சினியரிங் இருக்கும்னு நினைச்சேன். ஒரு ஜேசிபி, ஒரு புல்டோசர், லெவல் பாக்கற ஒருத்தர். ஐம்பது வருஷமா மேட்டுல உழுத மண் பள்ளத்துல கரைஞ்சு படிஞ்சிருந்தது. அதை முதல்ல வழிச்சு எடுத்தாங்க. ஒண்ணரை அடி எடுத்ததும் மண்ணோட நிறம் மாறுச்சு. அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு, உள்ள வெள்ளை வெள்ளையா நத்தை ஓடு. பழைய குட்டையோட தரை. பெரியவர் குனிஞ்சு ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாத்தார். அப்புறம் வாய்க்காலைக் களிமண் போட்டு மிதிச்சு மிதிச்சு அடைச்சாங்க. ஒரு குட்டைக்கு அரை நாள். 1974-ல் அதே வாய்க்காலை வெட்ட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டேன். "ஒரு நாள், நடுவுல சாப்பாடு"ன்னார்.

வழிச்சு எடுக்கறது ஏன் முக்கியம்னா, விதையும் பூச்சி முட்டையும் அந்தப் பழைய தரையில தூங்கிக்கிட்டு இருக்கும். ஜேம்ஸ்டவுன்லயே இருக்கற ஆராய்ச்சி மையத்துக்காரங்க 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. அரை சென்டிமீட்டர் வண்டல் மேல படிஞ்சாலே முளைக்கிற விதை 92 சதவீதம் குறையுது, வெளிய வர்ற பூச்சி இனம் கிட்டத்தட்ட மொத்தமும் போயிடுது. அரை சென்டிமீட்டர்! இங்க ஒண்ணரை அடி. ஆனா வழிச்சுட்டா மட்டும் எல்லாம் திரும்பிடாது. தண்ணிக்குள்ள வளர்ற பாசி மாதிரிச் செடி தானா வந்துடும், வாத்து கால்லயும் வயித்துலயும் கொண்டுவரும். கரையோரக் கோரைப்புல், ஈரப் புல்வெளிச் செடியெல்லாம் தானா வர்றது அபூர்வம். விதை தூவணும். தூவினாங்க. சுத்தி முப்பது ஏக்கர் புல்லும் போட்டாங்க, ஏன்னா பெரும்பாலான வாத்து கூடு கட்டறது புல்லுலதான். தண்ணியில இல்லை.

அடுத்த ஏப்ரல். பெரிய ஸ்லூவுல ஐஸ். ஆறு குட்டையில அஞ்சு திறந்து கிடந்தது. பதினொரு ஜோடி எண்ணினேன், நாலு இனம். ராத்திரி தவளை சத்தம், சீப்போட பல்லை விரலால வரிசையா தேய்ச்சா வருமே, அந்தச் சத்தம், ஆயிரம் சீப்பு. ரெண்டு குட்டைக்குக் குழாய் போட்ட பக்கம் அமைதியா இருந்தது. அதை யாரும் பேசலை.

நானும் ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டு ஊர் திரும்பினேன். அதுக்கு அடுத்த வருஷம் பனி கம்மி, மழையும் கம்மி. ஜூன் மாசம் போனா நாலு குட்டை சுத்தமா வத்தி, தரை ஓடு ஓடா வெடிச்சிருந்தது. ரெண்டுல மகன் பார்லி விதைச்சுட்டார்! ஒப்பந்தப்படி தப்பில்லை. எனக்கு மனசே விட்டுப்போச்சு. "அடைப்பு உடைஞ்சுடுச்சா சார்?"னு கேட்டேன். பெரியவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அன்னிக்கு நான் போனை மியூட் பண்ணிட்டுச் சிரிச்சதுக்குச் சரியாப் போச்சு.

"காயாத ஸ்லூ செத்த ஸ்லூ தம்பி."

அயோவாவில் மில்டன் வெல்லர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1965-லயே எழுதி வெச்சிருக்கார். காஞ்ச வருஷத்துல அடிமண்ணுல காத்துப் பட்டு அழுகினதெல்லாம் உரமாகும். கோரை விதை ஈரச் சேத்துலதான் முளைக்கும், தண்ணிக்கடியில முளைக்காது. மறுபடி தண்ணி வந்ததும் கோரை மண்டும், மஸ்க்ராட்னு பெரிய எலி மாதிரி ஒண்ணு அதை வெட்டி வெட்டிக் கூடு கட்டி நடுவுல தண்ணியைத் திறந்துவிடும். பாதி தண்ணி, பாதி கோரைன்னு இருக்கறப்போதான் பறவை அதிகம். தண்ணி குறையாம வருஷக்கணக்கா நின்னா கோரை அழிஞ்சு வெறும் ஏரியாயிடும், இல்லைன்னா நம்ம ஊர் சம்பங்கோரையோட சொந்தக்கார இனம் ஒண்ணு மூலைக்கு மூலை அடைச்சுடும். மதகு இருக்கற சரணாலயங்கள்ல வேணும்னே தண்ணியைத் திறந்துவிட்டுக் காயவைக்கறாங்க, தீ வெக்கறாங்க, மாடு மேய விடறாங்க. ஒரே மாதிரி வெச்சிருக்கறதுதான் பராமரிப்புன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். சராசரி எடுக்கற புத்தி எங்க போகும்.

கிளம்பறப்போ பெரியவர் வெடிச்ச தரையில இருந்து ஒரு ஓட்டைப் பேத்து ஒரு பழைய பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். "ஃப்ரிட்ஜ்ல ஒரு மாசம் வை, அப்புறம் தண்ணி ஊத்திப் பாரு. குழாய்த் தண்ணி வேணாம், மழைத் தண்ணி." வெச்சேன். காலி ஆவக்காய் பாட்டிலை மூணு தடவை கழுவி, மண்ணைப் போட்டு, மழைத் தண்ணி ஊத்தி கிச்சன் ஜன்னல்ல வெச்சாச்சு. ரெண்டு நாள் ஒண்ணும் இல்லை. நாலாம் நாளும் ஒண்ணும் இல்லை. ஏழாம் நாள் காலையில நான் பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், ரூம்மேட் கிச்சன்லேர்ந்து கத்தறான்.

"டேய், ஊறுகாய் பாட்டில்ல என்னமோ நீந்துதுடா!"